பாதி உதடு

“வர்ற வியாழக்கிழமை ஆப்பரேஷன். டாக்டரம்மாகிட்ட நாள் வாங்கிட்டேன்.”

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஜெசிந்தா இப்படிச் சொன்னதும், அவள் அப்பா இருதயநாதன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்து போனதும் போன வாரக் கதை. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததனால் அது இல்லாமல் போய்விடவும் இல்லை. இன்று வியாழக்கிழமை.

வலது பக்கம், கீழ் வரிசையில், கடைசிப் பல். முளைக்க இடமில்லாமல் எலும்புக்குள்ளேயே படுத்துக்கொண்ட ஞானப்பல். அதைச் சுற்றி ஒரு நீர்க்கட்டி. கொஞ்ச நாளாகக் கன்னம் வீங்குவதும், மாத்திரையில் வடிவதும், மறுபடி வீங்குவதுமாக இருந்தது. வேறொரு பெண்ணுக்கு இது வெறும் பல்வலி. இருதயநாதன் பேண்டு செட்டில் முதல் ட்ரம்பெட் வாசிக்கிற ஜெசிந்தாவுக்கு அப்படியில்லை.

காலையில் அண்ணன் மனைவி தீபா தட்டில் மூன்று இட்லி வைத்து நீட்டினாள்.

“ஆப்பரேஷனுக்குப் போற பிள்ளைக்கு யாராச்சும் சோத்தப் போடுவாகளா?” என்றார் இருதயநாதன். ஒரு வாரத்தில் அவர் அந்த விஷயத்தைத் தொட்டுப் பேசிய முதல் பேச்சு.

“அது மயக்க ஊசி போட்டாத்தான் மாமா. இது மரத்துப்போற ஊசி. நல்லாச் சாப்பிட்டு வரச் சொல்லியிருக்காங்க. இனி ரெண்டு மூணு நாளைக்கு உரைப்பும் கிடையாது, சூடும் கிடையாது.”

அவர் மடியில் கிடந்த ட்ரம்பெட்டின் விசையைக் கழற்றி எண்ணெய் விட்டார். அது ஜெசிந்தாவின் ட்ரம்பெட். தினமும் அதைத் துடைப்பவள் அவள்தான். இன்று அவர் எடுத்து வைத்துக்கொண்டார்.

“மாதா கோயில் கொடியேத்தம் முடியட்டும்னுதான சொல்றேன்” என்றார் விசையைப் பார்த்தபடியே. “அடுத்த மாசக் கடைசி. அதுக்கப்புறம் பல்ல எடு, தாடையவே எடு. நான் ஏன்னு கேக்கல.”

“அதுக்குள்ள தாடை ஒடஞ்சா?”

“ஒடையுமா?”

“கட்டி எலும்ப அரிச்சுக்கிட்டே இருக்குப்பா. ஓரளவுக்கு மேல போனா, முறுக்கு கடிக்கையிலகூட ஒடையலாம்னு சொல்றாங்க.”

“டாக்டருக சொல்லுவாக. சூசைகிட்டயும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாக.”

சூசை என்ற பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் வாதம் கிடையாது. சூசை இருதயநாதனோடு ஒன்றாக வாசித்தவர். எங்கோ பல் பிடுங்கப் போனார்; கீழ் உதடு மரத்துப் போனது; அந்த வருஷமே ட்ரம்பெட்டைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். இப்போது பேகம்பூரில் ஒரு தோல் கிடங்குக்கு வாட்ச்மேன்.

ஜெசிந்தா இட்லியை இடது பக்கமாக ஒதுக்கி மென்றாள். இடது பக்கமாகவே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிட்டது அவள் வாய்.

வாசலில் அண்ணன் ஸ்டான்லியின் குட்டியானை ஹாரன் அடித்தது. டிரம்களையும் சிலம்பங்காரர்களையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வண்டி. இன்று பின்னால் காலி. முன்னால் தங்கையும் மனைவியும்.

“ஏ ஜெசி, பல்லக் கேட்டு வாங்கிட்டு வா. பெரிய டிரம்முல கட்டித் தொங்கவிடுவோம். எதிர் செட்டுக்காரன் பாத்துப் பயப்படட்டும்.”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டு” என்றாள் தீபா.

*

திருச்சி ரோட்டில் அந்தப் பல் ஆஸ்பத்திரி. எதிர் நாற்காலியில் வடமதுரைப் பக்கத்து விவசாயி ஒருவர் உதட்டைப் பிரித்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே மேல் பல்லும் கீழ் பல்லும் ஒன்றோடொன்று கம்பியால் கட்டப்பட்டிருந்தன.

“எங்க வீட்டுக்காரரு. பெரியகருப்பன்னு பேரு” என்றாள் பக்கத்திலிருந்த பெண், கேட்காமலே. “வண்டியில போகையில பன்னி குறுக்க ஓடியாந்திருச்சு. தாடை ரெண்டு எடத்துல விட்டுப்போச்சு. எலும்பு கூடுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு கட்டிட்டாக. கஞ்சித் தண்ணிதான் ஆகாரம்.”

பெரியகருப்பன் பல்லுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார்.

“ரசமும்ங்கிறாரு. ஆமா, ரசமும். கண்ணாலம் ஆன நாள்லருந்து இப்பத்தான் நான் சொல்றதக் குறுக்க பேசாமக் கேக்குறாரு. அடுத்த வாரம் அவுத்திருவேங்கிறாக டாக்டரம்மா. இன்னுஞ் செத்த நாளு கிடக்கட்டுமேன்னு கேக்கலாம்னு இருக்கேன்.”

பெரியகருப்பனின் தோள்கள் குலுங்கின. தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டே சிரித்தார்.

ஒச்சம்மாள் என்கிற அந்தப் பெண் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து சின்னக் கம்பி வெட்டும் கட்டிங் பிளேயர் ஒன்றை எடுத்துக் காட்டினாள். “வாந்தி கீந்தி வந்தா ஒடனே வெட்டிவிடணுமாம். இல்லேன்னா மூச்சடைச்சிருமாம். ராத்திரி பகலா இது என்கிட்டதான். அவரு குடுமி என் கையில.”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் கன்னத்தின் ஆழத்தில் சுருக்கென்றது. அந்தப் பெண்ணின் கை அந்தக் கருவியைத் திரும்பப் பையில் வைத்த விதத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கேலியெல்லாம் வாயோடு சரி. கை அதைத் தொலைந்து போகக் கூடாத பொருளாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொண்டது.

தீபா நெருங்கி உட்கார்ந்தாள். “ஜெசி, உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். மறைச்சு வச்சா எனக்குத் தூக்கம் வராது.”

“சொல்லுங்க மதினி.”

“மாமா ஒட்டன்சத்திரத்து ரொனால்டுகிட்டப் பேசியிருக்காரு. கொடியேத்தத்துக்கு மொத ட்ரம்பெட் வாசிக்க. இன்னைக்குச் சாயங்காலம் போன் பண்றேன்னு சொல்லியிருக்கானாம்.”

ஜெசிந்தா சுவரில் ஒட்டியிருந்த பல்லின் படத்தையே பார்த்தாள்.

கோபம் வரவேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்தது. அவள் உள்ளே போகும் முன்பே அப்பா அவளைக் கழித்துக் கட்டிவிட்டார். வாசிக்க முடியாதவளாக, சூசையின் வரிசையில் இன்னொருத்தியாக. அந்த இடம் அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. பேண்டு செட்டில் பெண்ணா என்று கேட்டவர்கள் முன்னால் பின் வரிசையில் நின்று, இரண்டாவது ட்ரம்பெட் ஆகி, முதல் ட்ரம்பெட் ஆனவள். அந்த ஊரில் அவளுடையது என்று அவள் நினைத்த ஒரே இடம், ஊர்வலத்தின் முதல் வரிசையில் வலது ஓரம்.

அந்த இடத்துக்காகத்தான் வலியை மறைத்தாள். வலி என்று ஒரு தடவை வாயைத் திறந்தால் போதும், ‘பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதனால் வலது பக்கம் குத்தத் தொடங்கிய நாளில் மவுத்பீஸை உதட்டின் நடுவிலிருந்து மெல்ல இடது பக்கம் நகர்த்திக்கொண்டாள். ஒரு விரல் அகலம்தான். சத்தம் கெடவில்லை. பார்த்தவர்கள் ஸ்டைல் என்றார்கள். வாசிக்கும்போது வலியும் இல்லை. வலி இல்லாமல் வாசித்த அந்த ஒரு வருஷத்தில்தான் உள்ளே கட்டி நிதானமாக எலும்பைத் தின்று வளர்ந்தது.

தன்னை ஏமாற்ற அவளுக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை.

“ஜெசிந்தா” என்று பெயர் கூப்பிட்டார்கள்.

*

டாக்டர் தமிழ்நிலா வெளிச்சப் பலகையில் படத்தைச் செருகினார். பல் வரிசை முழுதும் சிரித்தது. கடைசியில் அந்தப் பல் மட்டும் போர்வைக்குள் படுத்திருப்பவரைப் போலக் கிடந்தது. அதைச் சுற்றி முட்டை வடிவில் ஒரு கறுப்பு. கறுப்புக்கு அடியில் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு.

“இந்தக் கோட்டுக்குள்ளதான் நரம்பு போகுது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி குடுக்கிற நரம்பு. கட்டி அதை நெருக்கிக்கிட்டு இருக்கு. போன தடவையே சொன்னேன்.”

“நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லல டாக்டர். வேலைன்னு கேட்டதுக்கு வீட்டுலதான்னு சொன்னேன். நான் ட்ரம்பெட் வாசிக்கிறவ. அதான் என் பொழப்பு.”

டாக்டர் கையுறையைப் போடாமல் கீழே வைத்தார். “இத மொத நாளே சொல்லியிருக்கணுமே.”

“சொன்னா வேணாம்னு அனுப்பிருவீங்களோன்னு.”

“வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கூடுது.” நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். “பல்ல முழுசா இழுக்க மாட்டேன். துண்டு துண்டா வெட்டி எடுப்பேன், நரம்பு மேல அழுத்தம் விழாம. அப்படியும் சிலருக்கு உதட்டுல பாதி மரத்துப் போகும். முக்கால்வாசிப் பேருக்குச் சில வாரத்துல, சில மாசத்துல திரும்பிரும். சிலருக்கு முழுசாத் திரும்புறதில்ல. நீங்க எந்தப் பக்கம்னு இப்பவே என்னால சொல்ல முடியாது.”

“தள்ளிப் போட்டா?”

“கட்டி தள்ளிப் போடாது.”

ஜெசிந்தா இத்தனை நாளும் யாரிடமும் கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்டாள்.

“மரத்துப் போனா உதடு அசையாதா டாக்டர்? இழுத்துக்கிருமா?”

“இல்லம்மா. அசைய வைக்கிற நரம்பு வேற. அது கன்னத்து வழியா வருது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உதடு அசையும். அசையுறது உங்களுக்குத் தெரியாது, அம்புட்டுதான்.”

அம்புட்டுதான். ஜெசிந்தா அந்த வார்த்தையை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். சூசை மாமாவிடம் யாராவது இதைச் சொல்லியிருப்பார்களா?

“அப்ப இன்னைக்கே செஞ்சிருங்க” என்றாள்.

*

ஊசி எறும்புக் கடிபோலத்தான் இருந்தது. செத்த நேரத்தில் உதடு அதிரசமாக ஊதிவிட்டதாகத் தோன்றியது. தொட்டுப் பார்த்தால் எப்போதும் போலத்தான் இருந்தது. பச்சைத் துணியைப் போர்த்தி வாய் மட்டும் தெரிய விட்டார்கள்.

“வலி இருக்காது. அழுத்தம் தெரியும், சத்தம் கேக்கும். வலிச்சா இடது கையத் தூக்குங்க, நிறுத்திருவேன்” என்றார் டாக்டர்.

வலிக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு யாரும் அவளைத் தயார்ப்படுத்தியிருக்க முடியாது. டிரில்லின் சத்தம் காதுக்கு வெளியிலிருந்து வரவில்லை. எலும்பு வழியே மண்டை முழுக்கப் பரவியது. பிறகு பல் இரண்டாகப் பிளக்கும்போது உள்ளே ஒரு சுள்ளி ஒடிந்தது.

கையைத் தூக்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தூக்கவில்லை. வலது கை விரல்கள் தொடைமேல் தாமாக அசைய ஆரம்பித்தன. ஒன்று, ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும். கொடியேற்றத்துக்கு வாசிக்கிற மாதா பாட்டின் விசைகள். மூச்சை மூக்கால் இழுத்து அந்தப் பாட்டின் அளவுக்கே விட்டாள். பயம் இருந்தது. அதுபாட்டுக்கு ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு வேலை இருந்தது.

பாட்டு முதல் தடவை முடிந்து, இரண்டாம் தடவை பாதியில், கன்ன ஓரத்தில் நூல் இழுபடுவது தெரிந்தது. தையல்.

சின்னப் பாட்டிலுக்குள் கட்டியின் தோலைப் போட்டு மூடி, “இது லேபுக்குப் போகும். வழக்கமா அனுப்புறதுதான், பயப்பட வேணாம்” என்றார் டாக்டர். கிண்ணத்தில் பல் மூன்று துண்டாகக் கிடந்தது.

பஞ்சைக் கடித்தபடி ஜெசிந்தா தன் உதட்டைச் சுட்டிக் காட்டினாள். டாக்டருக்குப் புரிந்தது.

“நரம்பக் கண்ணால பாத்தேன். அறுபடல. ஆனா கட்டி அதுமேலயே ஒட்டிக் கிடந்துச்சு. பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. ஊசியோட மரமரப்பு சாயங்காலத்துக்குள்ள போயிரணும். போகலைன்னா கூப்பிடுங்க.” பிறகு தீபாவிடம் திரும்பினார். “ஒரு மணி நேரம் பஞ்சக் கடிச்சிருக்கட்டும். துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. ரத்தம் உறைஞ்சாத்தான் குழி ஆறும். இன்னைக்கு ஐஸ் ஒத்தடம். நாளைக்கும் மறுநாளும் வீக்கம் கூடத்தான் செய்யும், பதறாதீங்க. ஒரு வாரத்துல தையல் பிரிப்பேன். நான் சொல்ற வரைக்கும் ட்ரம்பெட்டத் தொடக் கூடாது.”

வெளியே வந்தபோது பெரியகருப்பன் அவள் கன்னத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வாய் திறக்க முடியாத இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது தீபாவுக்கும் ஒச்சம்மாளுக்கும் புரிந்ததா என்று தெரியவில்லை.

*

வெயில் தாழ்ந்தபோது முதலில் நாக்கு திரும்பியது. பிறகு காதோரம். அதன்பின் குழியிலிருந்து வலி நிதானமாக எழுந்து வந்தது. வலியை அவள் வரவேற்றாள். ஒவ்வோர் இடமாகத் தூக்கம் கலைந்து எழுந்துகொண்டிருந்தது.

கீழ் உதட்டின் வலது பாதி மட்டும் எழவில்லை.

தீபா ஆறவைத்த கேப்பங்கூழை எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெசிந்தா டம்ளரின் விளிம்பை உதட்டில் வைத்தாள். இடது பக்கம் விளிம்பு இருந்தது, சில்லென்று, வழவழப்பாக. நடுவரை வந்து அது நின்றுவிட்டது. அதற்கு மேல் டம்ளர் இல்லை. பாதி டம்ளரில் குடிப்பது போல இருந்தது.

தீபா டாக்டரைக் கூப்பிட்டாள். பேசிவிட்டு வந்து ஒளிக்காமல் சொன்னாள். “நரம்பு கன்னிப் போயிருக்கலாமாம். நாளைக்கு வரச் சொல்றாங்க. எம்புட்டு தூரம் மரத்திருக்குன்னு தொட்டுப் பாத்துக் குறிச்சுக்குவாங்களாம். வாரமும் ஆகலாம், மாசமும் ஆகலாம். உறுதியாச் சொல்ல மாட்டேங்கிறாங்க ஜெசி.”

அந்த நேரத்தில்தான் இருதயநாதன் உள்ளே வந்தார். காலையிலிருந்து எங்கே போயிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. மகளின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். பிறகு அவள் மோவாயைப் பார்த்தார். உதட்டோரத்திலிருந்து கூழ் ஒரு கோடாக வழிந்து கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்துவிட்டார். துண்டு தன் முகத்தை நோக்கி வந்ததைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

“சூசைக்கும் இப்படித்தான் வழிஞ்சுச்சு” என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. “நான் ரொனால்ட வரச் சொல்லிடுறேன்மா. நீ ரெஸ்ட் எடு.”

ஜெசிந்தா எழுந்து பெட்டியைத் திறந்தாள். மவுத்பீஸை மட்டும் கழற்றி எடுத்துக் கழுவினாள்.

“டாக்டரு தொடக் கூடாதுன்னாங்க” என்றாள் தீபா.

“ஊதல மதினி.” பேச்சு குழறத்தான் செய்தது. அப்பாவின் முன்னால் வந்து நின்று மவுத்பீஸை உதட்டில் வைத்துக் காட்டினாள். நடுவில் இல்லை, இடது பக்கம், அது ஒரு வருஷமாக உட்கார்ந்து பழகிய இடத்தில். ஊதாமல், வெறுமனே. பித்தளையின் குளிர்ச்சியில் பெரும்பகுதியை உயிருள்ள பாதி வாங்கிக்கொண்டது.

இருதயநாதன் குனிந்து, அது உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

“வாயக் கோணாதன்னு ஒரு நாள் வஞ்சேன்” என்றார்.

“ஆமா.”

“ஸ்டைலுக்குப் பண்றேன்னு நெனச்சேன்.”

“வலிச்சுச்சுப்பா.”

“சொல்றதுக்கென்ன?”

அவள் மவுத்பீஸைக் கீழே இறக்கினாள். ஏன் சொல்லவில்லை என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர் அதை மறுபடி கேட்கவில்லை.

“அசைய வைக்கிற நரம்பு வேறயாம்பா. உணர்ச்சிதான் போகும். உதடு அசையும். கண்ணாடியப் பாத்துப் பாத்துப் பழகுவேன். சூசை மாமாகிட்ட யாராச்சும் இதச் சொன்னாகளா? உதடு அசையலையா, இல்ல, அசையாதுன்னு நம்பி விட்டுட்டாரா?”

இருதயநாதன் முகம் நினைவில் எதையோ தேடியது. ஒரே பாயில் படுத்து, ஒரே தூக்கில் சாப்பிட்டு ஊர் ஊராகப் போன நண்பனிடம் தான் அதைக் கேட்டதேயில்லை என்பதை அவர் அந்த இடத்தில் நின்றுதான் கண்டுபிடித்தார்.

செருப்பை மாட்டினார். “பேகம்பூர் வரைக்கும் போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் கிடந்த செல்போனைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார்.

ஜெசிந்தா நிலைக்கண்ணாடியின் முன் நின்றாள். உதடுகளை மெல்லக் குவித்தாள். வலது பாதியிடமிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. ஆனால் கண்ணாடியில் அது எழுந்தது. இடது பாதியோடு சேர்ந்து, ஒரே அளவில், குவிந்து நின்றது. விட்டாள், விரிந்தது. மறுபடி குவித்தாள். யாரோ ஒருத்தியின் உதட்டைப் பார்ப்பது போலிருந்தது. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்டது.

மேஜைமேல் அப்பாவின் போன் அடித்தது. திரையில் ரொனால்டு என்று பெயர் மின்னியது.

“நான் எடுத்து, மாமா வெளிய போயிருக்காருன்னு சொல்லிடட்டுமா?” என்றாள் தீபா.

ஜெசிந்தா தலையாட்டி மறுத்துவிட்டு, கண்ணாடியை விட்டு நகராமலே கையை நீட்டிப் போனை வாங்கினாள். தன் வாயைப் பார்த்துக்கொண்டே, அவசரமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள்.

“அப்பா இல்லண்ணே. அவர் பொண்ணு பேசுறேன். கொடியேத்தத்துக்கு மொத ட்ரம்பெட் நான்தான். ரெண்டாவது ட்ரம்பெட்டுக்கு வர உங்களுக்குச் சம்மதமான்னு மட்டும் சொல்லுங்க.”

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. ஜெசிந்தா காத்திருந்தாள்; கண்ணாடியில் உதடுகள் இரண்டும் சேர்ந்து மூடியிருந்தன.